சுண்ணாம்பு சுவருக்கு மட்டும்தானா?



சிவில் மாணவர்களான நமக்குச் சுண்ணாம்பு என்றதும் வெள்ளையடிப்பும், ரோடு போடக் களிமண்ணை உறுதியாக்குவதும்தான் ஞாபகம் வரும். விவசாயிக்கும் அது மருந்து என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

என் ஊர் சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே காபி ஏறிய மலை இது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் "இந்த வருஷம் எத்தனை மூட்டை உரம் போடலாம்?" என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார். மூட்டைக் கணக்குக்கு முன்னால் மண்ணைப் பார்க்கணும் என்பதே என் கருத்து.

காலங்காலமாகப் பெய்த மழை மலை மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். ஏற்காட்டில் பாக்சைட் இருப்பதும் இப்படித்தான். மண் ரொம்பப் புளித்துவிட்டால் அலுமினியம் கரைந்து வேரை வளரவிடாது. மண்புழுவும் குறையும். வேரும் புழுவும் இல்லாத மண் எப்படிப் பொலபொலவென்று இருக்கும்?

இதற்குமேல் அம்மோனியம் சல்பேட்டை மட்டும் கொட்டினால் புளிப்பு இன்னும் ஏறும். 100 கிலோ உரம் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட, சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். யூரியாவும் புளிக்க வைக்கும், கொஞ்சம் குறைவாக. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1856 முதல் புல்வெளிச் சோதனை ஒன்று நடக்கிறது. அங்கே அம்மோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பு போடாத பாத்திகளில் காய்ந்த புல் மக்காமல் பாய் விரித்த மாதிரி சேர்ந்துவிட்டது!

உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிருக்குச் சாப்பாடு வேண்டும். ஆனால் சாப்பாடு செரிக்க வயிறு நன்றாக இருக்கணுமே! சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்கும். கூடவே தொழுவுரமும் வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அளவு மீறினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காது. ஆகவே பரிசோதனை இல்லாமல் சுண்ணாம்பும் கூடாது.

2015-ல் வந்த மண்வள அட்டையில் பி.எச். அளவும் உண்டு. ஆனால் அட்டையைப் படித்து விளக்க ஆள் வேண்டாமா? நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த என்.எஸ்.எஸ். முகாமை மலை ஊர் ஒன்றில் வைப்போம். பி.எச். காகிதமும் காய்ச்சி வடித்த நீரும் போதும். எந்தத் தோட்டம் புளித்திருக்கிறது என்று அன்றைக்கே தோராயமாகத் தெரிந்துவிடும். அதை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.

படித்த படிப்பு முதலில் பெற்றவர்களின் மண்ணுக்குப் பயன்படட்டும்!