கூரை இருக்கிறது, மனை யாருடையது?

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவது என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். தலைகளை எண்ணுவதற்கு முன்பு வீடுகளை எண்ணுவார்கள். சுவர் மண்ணா செங்கல்லா, கூரை ஓலையா ஓடா, எத்தனை அறை, கழிப்பறை உண்டா, சொந்த வீடா வாடகையா என்று கேட்பது நெடுநாள் வழக்கம். 2011 படிவத்தில் கேட்காத ஒரு கேள்வி உண்டு. வீடு நிற்கிற மண் யார் பெயரில் இருக்கிறது என்பதே அது. சேரியில் வாழும் நமக்குக் கூரையைவிட முக்கியமான கேள்வி அதுதான்.

வீடற்றவர் யார் என்பதில் அரசுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலையோரம், நடைமேடை, பாலத்தடி, கோயில் மண்டபம், பெரிய குழாய் என்று கூரையுள்ள கட்டடத்துக்கு வெளியே இரவைக் கழிப்பவரே வீடற்றவர். 2011 பிப்ரவரி 28 இரவில் எண்ணியபோது நாடு முழுவதும் இப்படி 17.73 லட்சம் பேர் இருந்தார்கள். ஏரிக்கரையில் தார்ப்பாய் போர்த்திய குடிசையில் இருக்கும் குடும்பம் இந்தக் கணக்கில் வராது. ஒரே தொகுப்பு வீட்டில் அப்பாவும் இரண்டு மகன்களின் குடும்பங்களும் நெருக்கியடித்துப் படுத்தாலும் வராது.

ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை மதிப்பிட அமிதாப் குண்டு தலைமையில் அமைந்த தொழில்நுட்பக் குழு 2012இல் தந்த எண்ணிக்கை 1.878 கோடி. அதில் வீடே இல்லாதவர்களுக்கான பங்கு சுமார் 5.3 லட்சம்தான். ஏறத்தாழ 1.5 கோடி, இடநெருக்கடியில் வாழும் குடும்பங்களுக்கானது. தெருவில் படுத்திருப்பவர் கண்ணில் படுகிறார், கூரைக்கடியில் வீடில்லாமல் இருப்பவர் படுவதில்லை. ஐரோப்பாவில் வீடற்றோருக்காகப் பணியாற்றும் அமைப்புகளின் கூட்டமைப்பு, வீடின்மையை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கூரையே இல்லாதவர், விடுதி போன்ற இடங்களில் தற்காலிகமாகத் தங்குபவர், எப்போது வெளியேற்றப்படுவோமோ என்ற நிலையில் இருப்பவர், மனிதர் வாழத் தகாத இடத்தில் இருப்பவர். போதுமான வீடு என்றால் என்ன என்று 1991இல் வரையறுத்த ஐ.நா. குழுவும், தான் சொன்ன ஏழு அம்சங்களில் முதலாவதாக வைத்தது சட்டப்படியான குடியிருப்புப் பாதுகாப்பையே.

மனையால் கட்டிய கட்டு

இது நமக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக நாம் அறிந்தது. விளைநிலத்தைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. குடிசை போட்டிருக்கும் மனைகூட அந்த மக்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் அதற்கும் உரிமை கொண்டாடினார் என்பதும் அன்றைய விவாதத்தின் மையம். வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். கூலி கூடுதலாகக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், "மனையைக் காலி செய்" என்ற ஒரு சொல் போதும். மனைதான் உழைப்பாளியை ஆண்டையோடு கட்டிவைத்த கயிறு. 1920களில் அன்றைய சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை மனைகளை வாங்கித் தர முற்பட்டபோது மிராசுதார்கள் எதிர்த்ததற்குக் காரணமும் இதுவே.

தஞ்சைக் கதையும் இதுதான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல், குடியிருப்போருக்கே மனையை உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையாரின் மண்ணில் இருந்தவர் தன் மண்ணில் இருப்பவரானார். கூலிக்குக் குரல் கொடுக்கும்போது காலடி மண் நழுவாது என்ற உறுதி அப்போதுதான் வந்தது.

பட்டா உள்ளவருக்கே வீடு

இன்றைய திட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் குடிசையில்லா மாநிலம் என்ற இலக்குடன், 2024-25இல் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. ஒன்றிய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்துக் குறைந்தது 60 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. நல்லவைதான். ஆனால், இரண்டுக்கும் கட்டுவதற்கு மனை வேண்டும். மனை இருப்பவர் குடிசையிலிருந்து மாடிக்குப் போகிறார். ஓடை ஓரத்தில், வாய்க்கால் மேட்டில் இருப்பவர் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார். நிலமற்ற பயனாளிக்கு மாநில அரசு நிலம் தர வேண்டும் என்று ஒன்றியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அந்த வரி வட்டாட்சியர் அலுவலகப் படி ஏறுவதற்குள் களைத்துப்போகிறது.

மனை தரச் சட்டமும் இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கவென்றே தமிழ்நாடு 1978இல் தனிச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளின் வீட்டுமனைக்காக நிலம் எடுத்ததை நில உடைமையாளர்கள் எதிர்த்த சமேலி சிங் வழக்கிலோ, 1995 டிசம்பரில், உறைவிட உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டமும் தீர்ப்பும் நம் பக்கம் இருக்க, ஊரில் நடப்பது வேறு. கையில் பட்டா இருக்கும், மனை அளந்து காட்டப்பட்டிருக்காது. அளந்து காட்டியிருந்தால் மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளமாக இருக்கும், பாதை இருக்காது. இன்னொரு பக்கம், பாட்டன் பெயரில் உள்ள மூன்று சென்ட்டை ஐந்து குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கும். அவர்களில் யாரும் கணக்குப்படி வீடற்றவர் இல்லை.

படித்து நகரத்துக்குப் போனால் இது தீரும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரைப் பற்றி சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொலைபேசியில் வீடு கேட்டபோது உயர்த்தப்பட்ட சாதிப் பெயர் சொன்னவர் யாரும் மறுக்கப்படவில்லை. தலித் பெயர் சொன்னவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நேரடியாக 'இல்லை' என்ற பதில். முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் அது 31. பெருநகரங்களைத் தெரு அளவுக்கு நெருங்கிப் பார்த்த நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலிப் ரஹ்மான் ஆகியோரின் ஆய்வும் இதற்கு இசைவானதே. வார்டு அளவில் கலந்து வாழ்வதாகத் தெரிவது, அதற்குள்ளே இறங்கிப் பார்த்தால் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஊர்-சேரி என்ற கோடு நகரத்துக்கும் கூடவே வருகிறது.

நாம் எண்ணுவோம்

பட்டியல் சாதியினர் இதுவரையிலும் கணக்கெடுப்பில் தனியாக எண்ணப்பட்டே வந்திருக்கிறார்கள். 2011இல் தமிழ்நாட்டில் நாம் 1.44 கோடிப் பேர், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, எத்தனை பேர் என்ற எண் மட்டும் நமக்குப் போதாது. மனையுள்ள குடும்பம் எத்தனை, இல்லாதது எத்தனை என்பதே நமக்கு வேண்டிய எண். அதை மாநில அரசு ஊராட்சிவாரியாக எடுத்து வெளியிட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு காலனியை இரண்டு விடுமுறை நாளில் எண்ணிவிடலாம். வீட்டுக்கு நான்கு கேள்வி போதும். மனை யார் பெயரில் உள்ளது? பட்டாவா, நத்தமா, புறம்போக்கா? ஒரு மனையில் எத்தனை அடுப்பு எரிகிறது? பட்டா தந்தும் அளந்து காட்டாத மனை எது? அருகில் இருளர் குடியிருப்பு இருந்தால் அதையும் சேர்த்தே எண்ணுங்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் தீர்மானமாக்கி, நகலை ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பும் இதிலேயே கிடைக்கும்.

"மனை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும் மனு அலுவலக மேசையில் கிடக்கும். இன்ன தெருவில் இத்தனை குடும்பத்துக்கு மனையில்லை, இன்ன சர்வே எண்ணில் அரசு நிலம் இருக்கிறது என்று சொல்லும் மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். அடுத்த கிராம சபைக்கு அந்தப் பட்டியலோடு போவோம்.