இது மறைக்க வேண்டிய நோயா?

எங்கள் பெரியம்மா காலமானபோது, "வயிற்றில் ஏதோ கட்டி" என்று மட்டும் ஊரில் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சித்திக்கு மார்பில் கட்டி வந்தது. அதையும் யாரும் வெளியில் சொல்லவில்லை. வீட்டில் கல்யாண வயதில் பெண்கள் இருந்தார்கள்! இந்த மௌனம் சரிதானா என்பதே என் கேள்வி.

நம் செல்களில் "பெருகு" என்று தூண்டும் மரபணுக்களும் உண்டு. "போதும், நில்" என்று தடுக்கும் மரபணுக்களும் உண்டு. பின்னவையே புற்றுநோயை அடக்கும் மரபணுக்கள். அவற்றுள் முக்கியமானது பி53. செல்லின் டி.என்.ஏ. சேதமடைந்தால் இது செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க அவகாசம் தருகிறது. பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இந்தக் காவலாளி கெட்டுப்போயிருக்கிறது.

இம்மரபணுக்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக உள்ளன. பொதுவாக இரண்டும் கெட்டால்தான் ஆபத்து. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து, 1971-இல் இக்கருத்தை முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன். பிறவியிலேயே ஒரு பிரதி கெட்டிருந்தால், நோய்க்கு இன்னும் ஒரே ஒரு அடி போதும்.

மார்பகம், சினைப்பை இரண்டையும் காக்கும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 1994-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பழுதான பிரதி பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தந்தை மூலமும் வரலாம். எனவே பெண் வீட்டாரை மட்டும் குறை சொல்வது அறிவீனம்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 மட்டுமே பரம்பரையாக வருபவை. பழுதான பிரதி உள்ள எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால், இளம் வயதிலேயே பரிசோதனைகளைத் தொடங்கி, நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

பிழைப்புக்காகத் தில்லி வந்து தங்கிவிட்ட நமக்கு இன்னொரு சங்கடம். பாட்டி எதனால் இறந்தார் என்பது ஊரிலேயே தங்கிவிட்டது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. மருத்துவர் கேட்கும்போது விழிக்கிறார்கள்.

ஜாதகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்துகிறோம். யாருக்கு, எந்த வயதில், எந்த நோய் வந்தது என்று அதனுடன் ஒரு தாளில் எழுதி வைத்தால் என்ன? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.