முதல் துண்டு யாருக்கு?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஷிப்ட் முடிந்து அப்பாவோ அம்மாவோ கம்பெனி பஸ்சில் வந்து இறங்கும்போது, நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அல்லது பள்ளிக்குக் கிளம்பியிருப்பீர்கள். வீட்டில் ஒரு பலகாரம் செய்தால்கூட எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடிவதில்லை. சூடான பஜ்ஜி அவர்களுக்காகக் காத்திருக்குமா? ஆறிப்போய்விடும்!

காத்திருக்கும் இனிப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'பை'. புத்தகப் பை அல்ல! பிஸ்கட் பொடியை அடியில் பரப்பி, மேலே இனிப்பை நிரப்பிக் குளிரவைக்கும் பலகாரம். பெயர்தான் வெளிநாடு. உள்ளே இருப்பது நம்ம ஊர் வேர்க்கடலை. பாட்டி 'மல்லாட்டை' என்பாரே, அதேதான்.

செய்வோமா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் மிக்சியும் அவர் பொறுப்பு.

200 கிராம் மேரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம் சேர்த்துப் பிசறி, தட்டில் அழுத்திப் பரப்புங்கள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 200 கிராம் எடுத்து, மிக்சியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், பொறுமையாக அரைத்தால் பசையாகும். தண்ணீரே வேண்டாம், கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான்! கடலையை இப்படிப் பசையாக்கும் முறைக்கு, கனடாவைச் சேர்ந்த எட்சன் என்பவர் 1884-லேயே காப்புரிமை பெற்றார்.

அந்தப் பசையில் பொடித்த சர்க்கரை 4 மேசைக்கரண்டி, ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி கலந்து, பிஸ்கட் மேல் பரப்புங்கள். இன்னொரு 100 மில்லி கிரீமைச் சூடாக்கி, அதில் 100 கிராம் சாக்லேட்டைக் கரைத்து மேலே ஊற்றுங்கள். பிரிட்ஜில் 4 மணி நேரம் இருக்கட்டும்.

சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால்தான் பிரிட்ஜில் கெட்டியாக இருக்கும் சாக்லேட், வாயில் போட்டதும் கரைகிறது.

ஒரு எச்சரிக்கை: வேர்க்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சுத்திணறல்கூட வரலாம். நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

சரி, முதல் துண்டு யாருக்கு? நாக்கில் எச்சில் ஊறும், தெரியும்! ஆனாலும் முதல் துண்டை டப்பாவில் போட்டு மூடி, 'அம்மாவுக்கு' என்றோ 'அப்பாவுக்கு' என்றோ எழுதி உள்ளே வையுங்கள். இரண்டு நாள் கெடாமல் இருக்கும். வீட்டில் பிரிட்ஜ் இல்லையா? கவலை வேண்டாம். வெல்லப்பாகில் கடலை உருண்டை பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது இன்னும் அதிக நாள் காத்திருக்கும்.

நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருபவர், அந்த டப்பாவைத் திறக்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் என்ன? "என் பிள்ளை என்னை நினைத்திருக்கிறது" என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்ப்பீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்