`எத்தனை டெஸ்ட் எழுதினாலும் அதே 38தான்க்கா!' - மார்க் நகராமல் நின்றால் என்ன செய்வது?

தீபாவளிக்குத் திருமயம் போயிருந்தேன். சித்தி வீடு அங்கேதான். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி பஸ்ஸில் வரும்போது தூரத்தில் கோட்டை தெரிந்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். இறங்குமிடத்தில் எப்போதும் ஸ்கூட்டியோடு நிற்கும் தங்கச்சி இந்த முறை வரவில்லை. சித்தப்பாதான் வந்திருந்தார்.

``படிக்கிறாம்மா. படிக்கிறா, படிக்கிறா, படிச்சுக்கிட்டே இருக்கா'' என்றார். அதில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது.

சித்தி பொண்ணு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவள். எம்.டெக் சேருவதற்கான கேட் தேர்வுக்காக ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாள். மாடியில் அவள் அறைக்குப் போனதும் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். மாதிரித் தேர்வு மதிப்பெண்கள். 38, 37.67, 39, 38.33, மறுபடியும் 38.

``நாலு மாசமா இதேதான்க்கா. ஆரம்பத்துல 22 வாங்கினேன், சரசரன்னு ஏறுச்சு. இப்போ நின்னுடுச்சு. என் மூளை அவ்வளவுதான் போல.''

பிப்ரவரி தேர்வோடு சித்தப்பா கொடுத்த அவகாசம் முடிகிறது. கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதனால் 8,000 ரூபாய்க்கு இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் கேட்கத் தைரியம் இல்லாமல், என்னைக் கேட்கச் சொன்னாள்.

``கேட்கிறேன். அதுக்கு முன்னாடி அந்தக் கடைசி டெஸ்ட்டைத் திற'' என்றேன்.

38-க்குள் என்ன இருக்கிறது?

கேட் தேர்வு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால் 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் குறையும். விடையை எண்ணாக டைப் செய்யும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் மைனஸ் கிடையாது. இதில் தகுதி பெற்று எம்.டெக் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிப்புச் செலவுக்கு வீட்டை எதிர்பார்க்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சரியான விடைகள் மட்டும் 44 மார்க். மைனஸில் போனது 6. அப்படித்தான் 38.

மைனஸ் வாங்கிய கேள்விகள் 12. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் 5 அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தது, பிளஸ்ஸுக்கு மைனஸ் போட்டது என்று கைத்தவறுகள். நான்கில், இரண்டு விடைகள் வரை நெருங்கிவிட்டுத் தவறானதைத் தொட்டிருக்கிறாள். உண்மையிலேயே தெரியாதவை 3 மட்டுமே.

தொடாமல் விட்ட 19 கேள்விகளை அன்று ராத்திரி கடிகாரம் இல்லாமல் போட்டுப் பார்க்கச் சொன்னேன். யார் உதவியும் இல்லாமல் 6 கேள்விகளுக்குச் சரியாக விடை வந்தது.

ஆக, விடை தெரிந்தும் மார்க் கிடைக்காத கேள்விகள் மொத்தம் 11. மூளை அவ்வளவுதான் என்றவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தந்தி ஆபீஸ் காலத்துச் சிக்கல்

இப்படி நின்றுபோவது இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1897-லும் 1899-லும் தந்தி பழகுபவர்களைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார்கள். தந்தியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகம் முதலில் ஏறி, பிறகு பல வாரங்கள் அசையாமல் நின்று, மறுபடியும் ஏறியது. தனித்தனி எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், முழுச் சொல்லாகக் கேட்கப் பழகியதும் வேகம் கூடியது என்று விளக்கினார்கள். எல்லோருக்கும் இப்படி ஒரு தேக்கம் வரும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும், அதே முறையில் இன்னும் அதிகமாக உழைப்பதைவிட முறையை மாற்றிப் பார்ப்பது நல்லது என்ற பாடம் இதில் இருக்கிறது.

தங்கச்சியின் முறை என்ன? வாரம் மூன்று டெஸ்ட். மார்க்கைப் பார்த்ததும் மனசு உடைந்து, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தெர்மோடைனமிக்ஸ் வீடியோவை மறுபடியும் பார்ப்பது. பார்க்கும்போது எல்லாம் புரியும், நிம்மதியாக இருக்கும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

புது கோர்ஸ் வாங்கியிருந்தால், இன்னும் கொஞ்சம் வீடியோ பார்த்திருப்பாள். அவ்வளவுதான்.

என்ன மாற்றினோம்?

* வாரம் ஒரே ஒரு டெஸ்ட். 3 மணி நேரம் எழுதினால், அதைப் பிரித்துப் பார்க்க 6 மணி நேரம்.

* ஒரு `தப்பு நோட்டு'. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் `தெரியல', `கைத்தவறு', `நேரம் போதல' - இதில் ஒன்றை எழுத வேண்டும். தவறிய கேள்வியை மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும்.

* ஜெனரல் ஆப்டிட்யூட் 15 மார்க், இன்ஜினீயரிங் மேத்ஸ் 13 மார்க். நூறில் 28 இங்கேயே இருக்கிறது. `அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒதுக்கி வைத்திருந்ததற்கு இப்போது தினமும் ஒரு மணி நேரம்.

* கேட் தேர்வில் சொந்த கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் தட்ட வேண்டும். வீட்டில் கையடக்க கால்குலேட்டரில் பழகியிருந்தாள். அதை அலமாரியில் பூட்டிவிட்டோம்.

* முதல் சுற்றில் சுலபமானவை, இரண்டாவது சுற்றில் மற்றவை. ஒரே கேள்வியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டக் கூடாது.

* சுத்தமாகத் தெரியாத கேள்வியில் குருட்டாம்போக்கில் தட்டினால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையாவது நிச்சயமாகத் தப்பு என்று ஒதுக்க முடிந்தால் மட்டும் துணியலாம். மைனஸ் இல்லாத கேள்வியைக் காலியாக விடவே கூடாது.

கேட்டுக்காகச் சொன்னாலும், டான்செட், கேட்-எம்.பி.ஏ எழுதுபவர்களுக்கும் அந்த `தப்பு நோட்டு' பொருந்தும். மைனஸ் கணக்கை மட்டும் அந்தந்தத் தேர்வின் விதிப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்திரம் எதுவும் நடக்கவில்லை. முதல் வாரம் 36 வந்தது. புது வேகத்துக்குக் கை பழகவில்லை. போனில் அழுதாள். அடுத்து 39. பிறகு 41. ஆறாவது வாரம் 44. இது போதுமா என்பது வினாத்தாளின் கடினத்தையும், அவள் கேட்கும் கல்லூரியையும் பொறுத்தது. ஆனால், சுவரில் ஒட்டிய தாளில் நாலு மாதமாக நின்றிருந்த எண் நகர்ந்துவிட்டது. 8,000 ரூபாயைப் பற்றி சித்தப்பாவுக்கு இதுவரை தெரியாது.

பிள்ளைகள் டெஸ்ட் எழுதிவிட்டு வந்தால் வீட்டில் `எவ்வளவு மார்க்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், `எந்தக் கேள்வி தப்பாச்சு, ஏன்?' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாடம் நமக்குப் புரிய வேண்டியதில்லை, அவர்கள் சொல்லும்போது கேட்டால் போதும்.

நேற்று ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். நான் மார்க் கேட்கும் முன்னாடியே சொன்னாள்: ``அக்கா, இந்த வாரம் கைத்தவறு ஒண்ணுதான்!''