கறையானுக்கு வரவேற்பு

வீட்டில் கட்டட வேலை நடந்தபோது நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு மட்டம் பார்ப்பார். அதே குழாயை ஆப்பிரிக்காவில், புர்கினா பாஸோ தேசத்துக் குடியானவர்கள் வயற்காட்டில் பிடித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அந்நாட்டின் வடக்கே யாதெங்கா என்றொரு சீமை. 1970-களில் அங்கே பஞ்சம். நிலம் ஓடுபோல் இறுகிப் போயிற்று. பெய்த சொற்ப மழையும் மேலாக வழிந்தோடி விட்டது. கிணறுகள் வற்ற, குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறின. அந்தச் சமயத்தில்தான், 1980 வாக்கில், சந்தையில் வியாபாரம் செய்துவந்த யாகூபா ஸவதோகோ என்பவர் விவசாயத்துக்குத் திரும்பினார்.

சிறு குழி வெட்டி விதைப்பது அங்கே பாட்டன் காலத்து வழக்கம். 'ஸாயி' என்று பெயர். அவர் குழியைப் பெரிதாக்கி, மழைக்கு முன்பே வெட்டி, எருவும் இட்டார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. நாமானால் மண்ணெண்ணெயைத் தேடியிருப்போம்! அவருக்கோ அது கூலி கேட்காத ஆள். கறையான் துளைத்த வழியே மழைநீர் உள்ளே இறங்கித் தங்கிற்று. கொளுத்தும் வெயிலில் குழி வெட்டுகிறவனை ஊரார் பைத்தியம் என்றார்கள். ஆனால் கம்பும் சோளமும் விளைந்துவிட்டனவே! 1984 முதல் தம் நிலத்திலேயே சந்தை நாள் கூட்டினார். பல கிராமத்தார் விதைகளோடு வந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

இதே சீமைக்கு ஆக்ஸ்பாம் என்ற தர்ம ஸ்தாபனத்தார் மரம் வளர்க்கும் யோசனையோடு போனார்கள். ஜனங்களுக்கோ தானியம்தான் முதல் கவலை. நல்ல வேளை, வந்தவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஓடும் நீரைத் தடுக்கக் கல்வரிசை வைப்பதும் அங்கே பழைய பழக்கமே. கோணல் வரிசை தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் அல்லவா? அதற்குத்தான் அந்த மட்டக் குழாய். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் பழகிவிட்டார்கள். ஊர் கூடிக் கல் சேர்த்தது; பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்தார்கள். (குடத்தையும் சுமந்து, கல்லையும் சுமந்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமூச்சுத்தான் வருகிறது.)

குழிகளிலே மரங்களும் முளைத்தன. ஸவதோகோ அவற்றை வெட்டாமல் காத்து, 60 ஏக்கருக்குக் குறையாத காடாக்கினார். 2018-ல் சர்வதேசப் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரு சங்கதி. பக்கத்து நகரம் வாஹிகூயா பெருத்துக்கொண்டே வந்து, அந்த நிலத்தையும் மனைகளாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டது. காடு அவர் வளர்த்தது. பத்திரம் அவர் கையில் இல்லை. 2023-ல் அவர் காலமானார்.