வயசாச்சு என்பது நோயின் பேர் இல்லை

போன மாதம் என் தம்பி தோட்டத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தான். ராயக்கோட்டை சாலையில் ஏறும் இடத்தில் இடது பக்கமிருந்து ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. மோதிய பிறகுதான் அங்கே மாடு இருந்ததே அவனுக்குத் தெரிந்ததாம். மெதுவாக வந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பார்க்கப் போனேன். "பட்டப்பகலில் அவ்வளவு பெரிய மாடு தெரியலையாடா?" என்று கேட்டேன்.

"அறுபத்தெட்டு ஆகுதுண்ணா. வயசாச்சு. கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்?" என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தையை இதே திண்ணையில் நாற்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அன்று அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் அப்பா 1920-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் சானமாவுக் காட்டின் ஒவ்வொரு மரமும் அவருக்குத் தெரியும். ராகி கதிர் முற்றும் நாட்களில் காட்டுப் பன்றிக்குக் காவலாகப் பரணில் படுப்பார். 1984 வாக்கில், பொழுது சாய்ந்தால் வரப்பில் தடுமாற ஆரம்பித்தார். ஒரு நாள் பன்றிகள் பரணுக்குப் பக்கவாட்டில் புகுந்து கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போயின. அவர் விழித்துத்தான் இருந்தார். ஆனால் பார்க்கவில்லை.

அம்மா உடனே சொல்லிவிட்டார்: மாலைக்கண். பெரியம்மாவும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டு ஈரல் வந்தது. மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி. அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஒரு வருடம் போனது. நிலைப்படியில் தோள் இடிப்பது அதிகமாயிற்று. கண் முன்னால் நீட்டினால் ஊசியில் நூல் கோர்ப்பார். பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிடுவார். எதிரே உள்ளது தெரிகிறது, பக்கத்தில் உள்ளது தெரியவில்லை என்பதை வீட்டில் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. "வயசாச்சு" என்றோம்.

பிறகு ஒரு முகாமில் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தவர், "புரை ஆரம்பிச்சிருக்கு, முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். எங்களுக்கு நிம்மதி. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா? முற்றட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தோம். புரை இருந்தது உண்மைதான். ஆனால் பார்வையைத் தின்றுகொண்டிருந்தது அது அல்ல.

கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனபோது அவர் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்தில் யாராவது நடந்து வந்தால் தெரியுமா, அய்யா?" அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, "சத்தம் கேட்டாத்தான் தெரியும்" என்றார். அத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்த்தார். கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு பெரும்பாலும் செத்துவிட்டது, போனது திரும்பாது என்றார். 1989-க்குப் பிறகு அப்பாவுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அதன்பின் ஏழு வருடம் இருந்தார். எங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருவது என்று சொல்வார்.

ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த நேரத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கண் போவதற்கான காரணத்தை அந்தக் காலத்து மருத்துவர்கள் எப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. சுஸ்ருதர் கண் நோய்களை 76 என்று எண்ணி வைத்திருக்கிறார். சித்த மருத்துவத்தில் 96 என்று கணக்கு. மாலைக்கண்ணுக்கு ஈரல் என்பதும் மூடநம்பிக்கை இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் மங்கலில் கண் தெரியாது, அந்த வைட்டமின் ஈரலில்தான் சேர்ந்திருக்கிறது. விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தது 1913-ல். அதற்குப் பல நூறு வருடம் முன்பே வீட்டுப் பெண்களுக்கும் வைத்தியர்களுக்கும் மருந்து தெரிந்திருந்தது. ஆக, அம்மா கொடுத்தது நல்ல மருந்து. அப்பாவுக்கு இருந்ததுதான் வேறு நோய்.

இங்கேதான் பழைய வைத்தியத்தின் கை கட்டுண்டு கிடந்தது. வெளியே தெரிகிற நோயை அவர்களால் பிரிக்க முடிந்தது. கண் சிவந்ததா, பூ விழுந்ததா, புரை வெளுத்ததா என்று பார்த்துச் சொல்லலாம். கருவிழி பளிச்சென்று இருந்து பார்வை மட்டும் போனால் என்ன சொல்வது?

தஞ்சாவூர் சரபோஜி மன்னரைப் பற்றிப் பலர் அறிந்திருப்பீர்கள். கண் வைத்தியத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு. தன்வந்திரி மகாலில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் விவரத்தையும், அவர்களுக்குச் செய்ததையும் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. சில கண்களை ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் வரையவும் செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவ்வளவு ஒழுங்கு. ஆனாலும் அந்த ஓவியர்களால் வரைய முடிந்தது கண்ணின் வெளிப்புறத்தை மட்டும்தான். உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் பார்க்க அன்று உலகத்தில் எங்கும் வழியில்லை.

ஐரோப்பாவிலும் அதே கதைதான். கண் நன்றாகத் தெரிகிறது, பார்வை இல்லை என்றால் 'அமோரோசிஸ்' என்று ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார்கள். இருட்டிப் போதல் என்று அர்த்தம். நோயாளி வந்து "இருட்டிவிட்டது" என்பார், டாக்டர் அதையே கிரேக்கத்தில் திருப்பிச் சொல்லிக் காசு வாங்குவார். நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது, அதுதான் அமோரோசிஸ் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கேலி உண்டு.

1851-ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள் வெளிச்சம் செலுத்திப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். சரபோஜி இறந்து 19 வருடம் கழித்து. அதன் மூலம்தான் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தை டாக்டர்கள் முதன்முதலாக உயிருள்ளவரிடம் பார்த்தார்கள். கிளாக்கோமா உள்ளவர்களின் நரம்பு முனை மேடாகப் புடைத்திருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். பெர்லினில் பெயர் பெற்ற கிராஃபே என்ற கண் மருத்துவரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் அது பள்ளம். உள்ளே ஏறிய அழுத்தம் நரம்பைக் குழித்துவிடுகிறது. சில வருடங்களிலேயே கிராஃபே தன் தவறைத் தானே திருத்திக்கொண்டார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. கருவி கையில் இருந்தும் தப்பாகப் பார்க்கலாம். அதை ஒப்புக்கொண்டதால்தான் மேலே போக முடிந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பித்தது. 1900-களின் தொடக்கத்தில் எலியட் என்ற வெள்ளைக்கார டாக்டர் அதன் தலைவராக இருந்தார். அப்போது ஊர் ஊராகப் போகும் வைத்தியர்கள் ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும், காசு வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊர் போய்விடுவார். பலருக்குப் பின்னால் கண் சீழ் பிடித்தோ, அழுத்தம் ஏறியோ போய்விடும். எலியட் அப்படிப் பாழான கண்களைச் சேகரித்து அறுத்துப் பார்த்து, ஏன் போயிற்று என்று ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதே எலியட்தான் 1909-ல், கண் ஓரத்தில் சின்ன வட்டத் துளை போட்டு உள்ளே தேங்கும் நீருக்கு வழிவிடும் அறுவை சிகிச்சையைச் சென்னையில் செய்தார். கிளாக்கோமாவுக்கு உலகம் முழுக்கப் பல வருடம் அதைச் செய்தார்கள்.

1909. எங்கள் அப்பா பிறப்பதற்குப் பதினொரு வருடம் முன்பு. அவர் கண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வழி அவர் பிறக்கும் முன்பே எழும்பூரில் இருந்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வைத்தியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களிடம் கருவி இல்லை, தெரிந்ததைச் செய்தார்கள். குறை நம்மிடம்தான். கருவி வந்து 170 வருடம் ஆன பிறகும் திண்ணையில் உட்கார்ந்து அமோரோசிஸ் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "வயசாச்சு" என்பதும் அதே மாதிரிப் பெயர்தான். காரணம் சொன்ன மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றும் சொல்லியிருக்காது. இன்னொரு கெடுதலும் உண்டு. தெரியவில்லை என்றால் நாலு பேரிடம் கேட்போம். வயசு என்று சொல்லிவிட்டால் கேட்பது நின்றுபோகும்.

வயசானால் வெள்ளெழுத்து வரும், புரை வரும். உண்மைதான். ஆனால் புரை இருக்கிறது என்பதால் வேறொன்று இல்லை என்று ஆகாது. அப்பா கதை அதுதானே? மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் தென் மாவட்டங்களில் 40 வயது தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். இந்த நோயின் பொதுவான வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அன்றுவரை தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்திலிருந்து மெல்ல அரிக்கும். ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் மறைத்துவிடும்.

"கண்ணாடிக் கடையில் செக் பண்ணிட்டேன், பவர் சரியா இருக்கு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பவர் பார்ப்பது வேறு, கண் பார்ப்பது வேறு. எதிரே உள்ள எழுத்தை அப்பாவும் கடைசிவரை நன்றாகத்தான் படம் பார்ப்பது போலப் பார்த்தார். டாக்டரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். கண் அழுத்தம் எவ்வளவு? மருந்து விட்டு நரம்பைப் பார்த்தீர்களா? சந்தேகம் இருந்தால் பக்கப் பார்வைச் சோதனை வேண்டுமா? அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். இன்னொன்று, கண் உறுத்தல் என்று மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விடும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகலாம். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்பது நமக்குப் புதிதா என்ன?

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், எனக்கும் அது இருக்கிறது. இது ரத்தத்தில் வரும். பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. 2011-ல் சிப்காட் கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன வருடம், கண்ணாடி மாற்றப் போனபோது அப்பா கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் தேடிப் பார்த்தார், ஆரம்ப நிலையில் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு மருந்து. பதினான்கு வருடமாக நரம்பு அப்படியே நிற்கிறது. பரிசோதனையில் புதிதாக ஒன்றும் கெடவில்லை. நான் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் என் கண்ணைக் காப்பாற்றியது.

தம்பியிடமும் அப்போதே சொன்னேன். "எனக்கு நல்லாத்தாண்ணா தெரியுது" என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அன்று திண்ணையில் அவனை எதிரே உட்காரவைத்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடவைத்து, விரலைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தேன். வலது கண்ணில் சொன்னான். இடது கண்ணில் என் விரல் ஏறக்குறைய அவன் முகத்துக்கு நேரே வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. திண்ணை வைத்தியம் பரிசோதனை ஆகாது, தெரியும். ஆனால் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

தக்காளி பறிப்பு முடியட்டும் என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் இரண்டு பேரும் ஓசூர் போகிறோம். அங்கே போனதும் அப்பா கதையை அவனையே சொல்லச் சொல்லப் போகிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாமல் கண் போயிருந்தால், அதை "வயசு" என்று மூடி வைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் டாக்டரிடம் சொல்ல அது வேண்டியிருக்கும்.