நோயாளிக்கு மறியல் மருந்தாகுமா?

எமது ஊர்களில் ஒரு நஞ்சு புகுந்திருக்கின்றது. ஹெரோயின் என்றும் ஐஸ் என்றும் வழங்கும் அந்நஞ்சு, உத்தியோகத்தர் வீடென்றோ கமக்காரன் வீடென்றோ பார்ப்பதில்லை. பிள்ளை உடல் மெலிகின்றான், உறக்கம் இழக்கின்றான். தாயின் தாலிக்கொடியும் தந்தையின் நீரிறைக்கும் இயந்திரமும் அடகுக்குப் போகின்றன. ஊரோ குடும்ப மானம் கருதி வாய்மூடி நிற்கின்றது.

இதற்கு அரசாங்கம் கண்ட மருந்து யாது? தூக்குக் கயிறு! 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தை 1984இல் திருத்தினார்கள். 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்று எழுதினார்கள். 2022இல் 5 கிராம் ஐசுக்கும் அத்தண்டனையே என்றார்கள். 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை; விளக்கமறியற் கூடங்களே நிரம்பின. நஞ்சு குறைந்ததா? 1984இல் எம் கிராமங்கள் பெயரும் கேட்டறியாத ஐஸ் இன்று எம் வாசலில் நிற்கின்றதே!

2023 டிசெம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் பெருந்தேடுதல் தொடங்கிற்று. சில வாரங்களுள் பல்லாயிரவர் கைதாயினர். கடல்வழியே பொதி பொதியாக இறக்குவோர் அவர்களுள் எத்தனை பேர்? ஒரு வேளைத் தூளுக்காகக் கைநடுங்கித் திரிந்தோர் எத்தனை பேர்? கோரையின் தலையைச் செதுக்கிவிட்டுத் தோட்டம் துப்புரவாயிற்று என்று சொல்லும் கமக்காரன் உண்டா? கிழங்கு மண்ணுள் கிடக்கும்வரை அது முளைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் கேளுங்கள். 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானோரையும் முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் எழுதிற்று. அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர்நீதிமன்றம் தீர்மானித்த பின்னரே, திருத்தங்களுடன் 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். நோயாளியையும் போராளியையும் ஒரே முள்வேலிக்குள் அடைக்க எண்ணிய ஆட்சி அது! பொலனறுவை மாவட்டத்துக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் படையினரே பொறுப்பில் இருந்தனர். 2022 ஜூனில் அங்கே ஒருவர் மாண்டார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். வைத்தியசாலையிலிருந்து நோயாளர் இவ்வாறு ஓடுவதுண்டா?

கடத்துபவனை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. அவனைச் சட்டம் பிடிக்கட்டும். அவன் சேர்த்த சொத்தையும் பறிக்கட்டும். அடிமைப்பட்டவன் வேறு. ஹெரோயின் நின்றதும் உடல் முறுக்கி வலிக்கும், வாந்தி வரும், உறக்கம் அற்றுப்போகும். ஐஸ் இதயத்தைத் தாக்கும், சித்தத்தைக் கலக்கும். இவை நோயின் குறிகள். ஹெரோயின் அடிமைக்குச் சிகிச்சை தரும் மெதடோனை, உலகச் சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. ஐசுக்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை. நீண்டநாள் உளவளத்துணையே வழி. எந்த மறியலில் இது கிடைக்கும்?

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. சிறு அளவுடன் பிடிபடும் அடிமையை மறியலுக்கன்றி வைத்தியரிடம் அனுப்பச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். வடக்கு, கிழக்கின் ஒவ்வொரு மாவட்டத்திலும், படையினர் கையிலன்றி வைத்தியர் கையில், தமிழ்மொழியிற் சிகிச்சை நடைபெறல் வேண்டும்.

நியாயவாதிகளே, இத்திருத்தத்தை வரைந்து முன்வையுங்கள். வைத்தியர்களே, கிராமங்களுக்கு வாருங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்கள் சங்கக் கூட்டங்களில் இதனை வெளிப்படையாகப் பேசுங்கள். பிள்ளையின் நோயை மறைப்பதால் மானம் நிலைக்காது, பிள்ளையும் நிலைக்கமாட்டான். இன்றே வாய் திறப்போம்!